காலி வண்டியின் பாரம்

பழைய வண்டிகள் விற்கும் அந்த முற்றத்தில் மற்ற லாரிகளெல்லாம் வெறும் வயிற்றோடு நிமிர்ந்து நிற்க, கோடியில் நின்ற பச்சை லாரி மட்டும் பாரம் ஏற்றியதுபோலப் பின்பக்கம் அமுங்கி நின்றது. அவன் சக்கரத்தின் மேல் கால்வைத்து ஏறி உள்ளே எட்டிப் பார்த்தான். காலி. பலகைகளின் இடுக்கில் எப்போதோ சிந்திய சிமெண்டு இறுகிக் கிடந்தது. ஒரு மூலையில் தேங்கிய மழைத்தண்ணீரில் துண்டு வானம் தெரிந்தது. வேறொன்றுமில்லை. ஆனால் வில்லாக வளைந்திருக்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள் நேராகி, மறுபக்கம் வளையத் தொடங்கியிருந்தன. டயர்கள் தரையில் பிதுங்கியிருந்தன.

"பட்டை செத்துப்போச்சுப்பா," என்றார் வியாபாரி. "மாத்திட்டா ராஜா மாதிரி ஓடும். இந்தக் காலத்துல இவ்வளவு கனத்துல எவன் இரும்பு போடுறான்?"

அவர் இதையெல்லாம் எட்ட நின்றே சொன்னார். சாவியைக்கூடக் கையில் தரவில்லை, தூக்கிப் போட்டார்.

அவனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைக்கும்வரை பிறத்தியார் வண்டியை ஓட்டியவன். முதலாளியின் மகன், மீசை இன்னும் ஒழுங்காக முளைக்காத பயல், போனில் "எங்கடா இருக்க?" என்று கேட்ட அன்றைக்கு வண்டியை ஓரங்கட்டி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு நடந்து வீடு வந்தவன். இனி ஓட்டினால் சொந்த வண்டி, இல்லாவிட்டால் மூட்டை தூக்குவது என்று முடிவு செய்திருந்தான். அந்த வீராப்பின் சூடு ஆறுவதற்குள் ஏதாவது ஒரு வண்டி வேண்டியிருந்தது. பச்சை லாரியின் எஞ்சின் முதல் முறுக்கிலேயே உயிர் பெற்றது. ஆழ்ந்த, நிதானமான, தொண்டையைச் செருமிக்கொள்வது போன்ற ஓசை. அந்த ஓசையில் அவன் விழுந்துவிட்டான்.

வீட்டில் மனைவி லாரியின் படத்தை அவன் போனில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"உங்களுக்கேத்த ஜோடிதான். ரெண்டு பேருக்கும் மூட்டு வலி."

"சிரிக்காத. ரெடியாகி வந்தா நீயே கண்ணு போடுவ."

"முதல்ல நம்ம வாசலுக்குத்தான் வரணும், சொல்லிட்டேன். நான் முன்னாடி ஏறி உக்காந்து ஒரு சுத்து வரணும்."

அவள் துணி தைக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். மிச்சம் விழுந்த துணிகளைச் சேர்த்து, கருநீலத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூப்போட்ட சீட்டு உறைகள் தைத்தாள். ராத்திரி சோறு ஆனதும் உட்கார்ந்து, பஞ்சை அடைத்து அடைத்து, குத்துத் தையல் போட்டாள்.

அவளுடைய தம்பிக்குச் சொந்தமாக ஒரு பட்டறை. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த தரை. லாரி அங்கேதான் நின்றது. வேலை முடிந்ததும் மாமனும் மச்சினனும் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினார்கள். மண்ணெண்ணெய், கிரீஸ், வெல்டிங் புகை என்று பட்டறையே ஒரு தனி வாடையாக இருந்தது; அந்த வாடை சோற்றில்கூட வந்தது. அவனுக்கு அது பிடித்திருந்தது. பழைய பெயிண்ட்டுக்கு அடியில் இன்னொரு பெயிண்ட்டு, அதற்கு அடியில் இன்னொன்று. எத்தனையோ கைகள் மாறிய வண்டி. எவனும் அதை நெடுநாள் வைத்திருக்கவில்லை என்பதை அந்த அடுக்குகள் சொல்லின. அவன் அதை யோசிக்காமல் சுரண்டினான்.

புதுப் பட்டைகள் வந்தன. ஜாக்கி முனகி முனகி வண்டியைத் தூக்கியது. மச்சினன் படுத்தபடியே எல்லாவற்றையும் முடுக்கி, வெளியே வந்து, ஜாக்கியை மெல்ல இறக்கினான். புத்தம் புது இரும்பு, பெருமூச்சு விடுவதுபோல் ஓசையிட்டு, அமுங்கி, பழையபடியே நேராகி நின்றது.

மச்சினன் கையைத் துணியில் துடைப்பதை நிறுத்தினான். "மாமா, இது புதுப் பட்டை. இப்படி உக்காரக் கூடாது."

"வண்டி கனம்டா."

"கனமா? உள்ள என்ன மாமா இருக்கு?"

இருவரும் ஒரே நேரத்தில் மேலே ஏறிப் பார்த்தார்கள். பலகை. மூலைகள். ஒன்றுமில்லை. இறங்கும்போது மச்சினன் கொஞ்சம் அவசரமாக இறங்கியதை அவன் கவனித்தான்.

முதல் லோடு செங்கல். ஊருக்கு வெளியே ஒரு கட்டடத்தில் இறக்க வேண்டும். அதற்குமுன் எடை மேடையில் காலி வண்டியை நிறுத்தியபோது கண்ணாடி அறைக்குள் இருந்த ஆள் எழுந்து வெளியே வந்தார்.

"காலின்னு சொன்னீங்க?"

"காலிதான்."

"பாத்துச் சொல்லுங்க." அவரே ஏறிப் பார்த்தார். இறங்கினார். மெஷினை ஒரு தட்டு தட்டினார். "எல்லாம் கோளாறு," என்று முணுமுணுத்து, வாய்க்கு வந்த எடையை எழுதி அனுப்பினார்.

செங்கலை இறக்கிய ஆட்கள் அங்கேயே தங்கிவிட, அவன் மட்டும் திரும்பினான். வெயில் தாழ்ந்திருந்தது. இருபுறமும் புதர், நடுவில் வெளிறிய தார்ச்சாலை. ஜன்னல் வழியே காய்ந்த புல்லின் வாசனையும், சூடான எஞ்சினின் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. பக்கத்து இருக்கையில் மனைவி தைத்த உறையின் மஞ்சள் பூக்கள் சரிந்த வெளிச்சத்தில் மினுங்கின. சொந்த வண்டி. அவன் வாய்க்குள் ஏதோ பாட்டை முனகினான். எவனும் போன் செய்து 'டா' போட முடியாது.

தலைக்குப் பின்னால், கேபினின் பின்தகட்டில், யாரோ தட்டினார்கள்.

ஒரே ஒரு தட்டு. விரல் முட்டியால் அல்ல, உள்ளங்கையால். பாரத்தின் மேல் உட்கார்ந்து வரும் லோடுமேன்கள் தட்டுவார்களே, அப்படி. ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போ. லாரி ஓட்டுபவனின் காலுக்கு அது தெரியும், மூளையைக் கேட்காது. அவன் யோசிக்குமுன்பே கால் பிரேக்கை அழுத்தியிருந்தது. வண்டி ஒரு பஞ்சர் கடை எதிரில் நின்றது.

கண்ணாடியில் பார்த்தான். யாருமில்லை. எஞ்சின் மட்டும் தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. அப்போது வண்டியின் பின்பக்கம் லேசாக எழும்பியது. பின்னாலிருந்து ஒருவன் குதித்து இறங்கினால் எப்படி எழும்புமோ, அப்படி. அதை அவன் கண்ணால் பார்க்கவில்லை, இடுப்பில் உணர்ந்தான்.

வழுக்கைத் தலைப் பஞ்சர்காரர் டயர் மேல் உட்கார்ந்தபடி கையைத் தூக்கினார். "என்னண்ணே, காத்துப் பிடிக்கணுமா?"

"இல்லண்ணே. சும்மா நிறுத்தினேன்."

"வண்டி நல்லா ரெடி பண்ணியிருக்கீங்க. ஜோரா இருக்கு."

பின்தகட்டில் இரண்டு தட்டு விழுந்தது.

போ.

அவன் போனான். ஏதோ பலகை ஆணி கழன்றிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் வண்டி முன்பைவிட இலகுவாக ஓடியது. ஸ்டீயரிங்கைப் பிடித்த கைக்கு அது தெரிந்தது.

சில வாரம் கழித்து அதே வழியாகப் போனபோது உண்மையாகவே ஒரு டயர் காற்று இறங்கியது. பஞ்சர்காரர் பாதியாக இளைத்திருந்தார். இடது தோள் இறங்கிப்போய், எதையோ சுமப்பவர்போல நடந்தார்.

"என்னண்ணே, உடம்புக்கு?"

"தெரியலண்ணே. படுத்தா நெஞ்சுமேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. டாக்டர் வாயுன்னு சொல்றாரு. வாயுவுக்கு இவ்வளவு கனம் இருக்குமா?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, மூச்சு வாங்க, கடை வாசலில் கிடந்த நீளப் பலகையின் ஒரு முனையில் உட்கார்ந்தார்.

பலகையின் மறுமுனையில் யாருமில்லை.

மறுமுனைதான் அதிகமாக வளைந்திருந்தது.

அவன் டயரை மாட்டியும் மாட்டாமலும் கிளம்பினான். அடுத்த தடவை போனபோது கடை மூடியிருந்தது. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் கேட்காமலே சொன்னார்.

"பலகையிலேயே செத்துக் கிடந்தாரு. எலும்பும் தோலுமா இருந்த உடம்பு. தூக்க முடியலீங்க. ஆம்பளைங்க அத்தன பேரு சேர்ந்து தூக்கியும் அசையல. இப்படி ஒண்ண நான் பாத்ததேயில்ல."

அவன் நேராகப் பழைய வண்டி வியாபாரியிடம் போனான். லாரி முற்றத்துக்குள் திரும்புவதைப் பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து பின்னால் நகர்ந்தார். அவன் இறங்கி வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"நிறுத்தினியா?"

அவன் வண்டிக் கதவைச் சாத்தாமலே நின்றான்.

"ஒரு தட்டுக்கு நிறுத்தினியான்னு கேக்குறேன்."

"நிறுத்தினேன்."

வியாபாரி கண்ணை மூடிக்கொண்டார். "நான் நிறுத்தல. ஒரு தடவைகூட நிறுத்தல. தட்டிக்கிட்டே இருந்தாங்க. அதான் வித்தேன்."

"யாரு அவங்க?"

"எனக்கு வித்தவன்கிட்ட நானும் இதத்தான் கேட்டேன். அவனும் முழிச்சான்."

"ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பியா?"

அவன் அவருடைய சட்டையைப் பிடித்தான். பிடித்த கை தானாகவே தளர்ந்தது. இந்த ஆளாவது ஒருவரையும் எந்த வாசலிலும் இறக்கிவிடவில்லை.

"கொண்டுபோய் எங்கயாவது பள்ளத்துல தள்ளிடு," என்றார் வியாபாரி. "என்னால முடியல. நீயாவது தள்ளு."

அவனாலும் முடியவில்லை. பள்ளத்தின் விளிம்புவரை ஒருநாள் கொண்டுபோனான். எஞ்சின் நிதானமாகத் துடித்தது. இதைத் தள்ளிவிட்டு எங்கே போவது? அந்த மீசை முளைக்காத பயலின் வாசலில் போய்க் கையைக் கட்டி நிற்பதா? வண்டியைத் திருப்பினான். இனி நிறுத்தாமல் ஓட்டினால் போதும் என்று நினைத்தான்.

நிறுத்தாமல் ஓட்டினான். தட்டு விழும். கடந்து போவான். மறுபடி விழும், கொஞ்சம் பலமாக. ஆஸ்பத்திரி அருகில், கல்யாணத்துக்குத் துணி எடுத்துக்கொண்டு நடந்துபோகும் குடும்பத்தின் அருகில், மாடியில் விளக்கு எரியும் வீடுகளின் அருகில். இறங்க வேண்டிய இடத்தை அவர்களே பார்த்துவைத்திருந்தார்கள். அவன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். தட்டு, பாட்டின் தாளத்துக்குள் புகுந்துகொண்டது. நிறுத்தாமல் விட்ட ஒவ்வொரு தட்டுக்கும் வண்டி கனத்தது. எஞ்சின் கொதித்தது. சொன்ன நேரத்துக்கு லோடு சேரவில்லை. செங்கல் சூளைக்காரர் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரு மேட்டில், முழுப் பிரேக்கையும் மிதித்திருந்தும், வண்டி மெல்ல, மிக மெல்ல, பின்னோக்கி உருண்டது. பின்னால் சைக்கிளில் வந்தவர் கத்திக்கொண்டு சாக்கடையில் குதித்ததால் பிழைத்தார்.

அன்று சாயங்காலம் ஒரு தனி வீட்டின் அருகே தட்டு விழுந்தது. சுற்றிலும் வயல். கொடியில் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவன் அந்தச் சட்டைகளைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

நிறுத்தினான்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். "என்னங்கண்ணே, வழி கேக்கணுமா?"

"இல்லம்மா." அவன் கீழே இறங்கினான். "ரேடியேட்டருக்குக் கொஞ்சம் தண்ணி."

"இருங்க, கொண்டாறேன்."

அவள் குடத்தைத் தூக்கிவந்து, அவனை விலகச் சொல்லி, தானே ஊற்றினாள். ஆவி புஸ்ஸென்று கிளம்பியபோது சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பினாள். அதே கணத்தில் வண்டி பின்பக்கம் எழும்பியது. மண்ணில் காலடி ஓசை ஒன்றும் கேட்கவில்லை. கொடியில் சட்டைகள் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ தோளால் விலக்கிக்கொண்டு போவதுபோல் ஒதுங்கின. வாசலை நோக்கி.

அவள் திரும்பிப் பார்த்தாள். கையைத் தேய்த்துக்கொண்டாள். "திடீர்னு குளுருது பாருங்க. நீங்க குடிக்கவும் தண்ணி தரட்டுமாண்ணே?"

"வேணாம்மா."

இரண்டு தட்டு விழுந்தது. அவன் போனான். வண்டி அன்று புது மணப்பெண் மாதிரி நடந்தது. அவன் ஓட்டிக்கொண்டே அழுதான். கொஞ்ச தூரம் அழுதான். பிறகு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் அழவில்லை. தட்டினால் நிறுத்தினான். எந்த வீடு, எந்தக் கடை என்று பார்ப்பதை விட்டுவிட்டான்; முன்கண்ணாடியில் செத்துக் காய்ந்திருக்கும் ஒரு பூச்சியின் மேல் பார்வையை வைத்துக்கொள்வான். பின்பக்கம் எழும்பும். இரண்டு தட்டு. கியர். போன வழியாகத் திரும்ப வருவதில்லை. வண்டி நாளுக்கு நாள் நிமிர்ந்தது. லோடுகள் தேடி வந்தன. "கிழட்டு வண்டிய குமரியாக்கிட்டியே, நெட்டை!" என்று சூளைக்காரர் முதுகில் தட்டினார். அந்தத் தட்டுக்கு அவன் துள்ளி விழுந்ததைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் வண்டியைக் கொண்டுபோகவில்லை. பட்டறையில் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தான்.

"ஊரெல்லாம் வண்டியப் பாத்தாச்சு," என்றாள் மனைவி, தட்டில் சோற்றை அழுத்தி வைத்து. "சீட்டுத் தைச்சவ இன்னும் பாக்கல."

"சந்துல திரும்பாது."

"தண்ணி லாரி திரும்புது. குப்பை லாரி திரும்புது. உங்க லாரி திரும்பாதா?"

அவன் குனிந்து சாப்பிட்டான்.

"பக்கத்து சீட்டுல யாரை உக்காரவெச்சு ஓட்டிக்கிட்டு இருக்கீங்க?"

கையிலிருந்த சோறு நழுவியது. அவன் முகம் போன போக்கை அவள் பார்த்தாள். பார்த்து, தப்பாகப் புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசுவதைக் குறைத்தாள். ஒரே வீட்டில் இருவரும் முன்பின் தெரியாத பயணிகள்போல் நடமாடினார்கள். பார்த்ததையெல்லாம் அவளிடம் சொல்லிவிட வேண்டுமென்று அவனுக்குத் தோன்றும். முதல் வார்த்தையாக அந்தக் கொடியும் சின்னச் சட்டைகளும் நினைவுக்கு வரும். வாயை மூடிக்கொள்வான்.

ஏனென்றால் அவள் கேட்டது சரிதான். பக்கத்து இருக்கையில் ஓர் ஆள் இருந்தது.

பின்னால் தட்டு நின்றுபோன பிறகுதான் அது தெரிந்தது. பட்டைகள் வில்லாக வளைந்து நின்றன. எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று அவன் முதல்முறையாக முழு மூச்சு விட்டான். ஆனால் வண்டி இடப்பக்கம் சற்றே சாய்ந்து ஓடியது. திரும்பிப் பார்த்தான். பஞ்சடைத்த கருநீல உறை, நடுவில் குழிந்து, தையல்கள் இழுபட்டு நின்றன. மஞ்சள் பூக்கள் அந்தக் குழியை நோக்கிச் சரிந்திருந்தன. மேட்டில் ஏறும்போது குழி சாய்மானத்தின் பக்கம் நகர்ந்தது. பிரேக் போட்டால் முன்னால் நகர்ந்தது. ஈரச் சிமெண்டின் வாசனை, இரும்பின் வாசனை, அவற்றுக்கு அடியில், பழகிவிட்டிருந்த ஒரு வாடை. வியர்த்த மனித உடம்பின் வாடை.

அது தட்டவில்லை. எந்த வீட்டு வாசலிலும் தட்டவில்லை. அவனே சில இடங்களில் நிறுத்திப் பார்த்தான். கதவைத் திறந்துவிட்டுக்கூடப் பார்த்தான். "எறங்கு," என்றான். "எங்கயாவது எறங்கித் தொலை." குழி அசையவில்லை.

மழை பிடித்த ஒரு மதியம். முகப்பு விளக்குக்குப் புதுக் கண்ணாடி வாங்க அவன் பஸ் ஏறிப் போயிருந்தான். திரும்பியபோது பட்டறையின் நடுவில் லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. மச்சினனுக்குப் போன் போட்டான்; தகரக் கூரையில் மழை கொட்டிய இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. வெளியே ஓடிவந்து, நனைந்துகொண்டே பேசினான்.

"வண்டி எங்கடா?"

"கோவிச்சுக்காதீங்க மாமா. அக்கா அழுதுச்சு. 'ஒரு தடவ வாசல்ல கொண்டாந்து நிறுத்துடா, நான் பாக்கணும்'னு சொல்லிச்சு. நிறுத்தி சாவியக் குடுத்துட்டேன். எனக்கு ஒரு பிரேக்டவுன் வேலை, கிளம்பிட்டேன்."

"தட்டுச்சா?"

"என்ன மாமா?"

"யாராவது தட்டினாங்களாடா!"

மறுமுனையில் மழைச் சத்தத்தோடு மச்சினன் குரல் வந்தது.

"வாசலத் தாண்டிப் போய்த் திருப்பிக்கிட்டு வந்து நிறுத்தலாம்னு இருந்தேன். வாசலுக்கு நேரா வந்தப்ப இடது பக்கக் கதவுல ஒரு தட்டு. அக்காதான் நிறுத்தச் சொல்லுதுன்னு நிறுத்தினேன்." குரல் இறங்கியது. "ஆனா மாமா... அக்கா அப்ப உள்ள இருந்துச்சு."

அவன் ஓடினான். செருப்பு எங்கோ கழன்று போனது. சந்து முழுக்கத் தண்ணீர் ஓடியது. மழைக்குப் பயந்து எல்லா வீடுகளும் கதவைச் சாத்தியிருந்தன. திருப்பத்தில் லாரி தெரிந்தது. பச்சை பெயிண்ட்டு கழுவிவிட்டதுபோல் பளபளக்க, நான்கு பக்கமும் சமமாக, கம்பீரமாக நின்றது. அப்படி ஒரு வண்டியைத்தான் அவன் வாழ்நாளெல்லாம் விரும்பியிருந்தான்.

இடப்பக்கக் கதவு விரியத் திறந்திருந்தது. சாரல் உள்ளே அடித்தது. நீல உறை குழியில்லாமல், புஸ்ஸென்று பொங்கி, தைத்த அன்றுபோல் இருந்தது.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது.

மின்சாரம் இல்லை. உள்ளே மழைநாளின் சாம்பல் வெளிச்சம். அவளுடைய குடை மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வண்டியைப் பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கிறாள். அழுதால் அவளுக்குத் தலைவலி வரும்; தலைவலி வந்தால் படுத்துவிடுவாள். பழக்கப்பட்ட விஷயம்தான். சாதாரண மதியம்தான். அவன் கூடத்தைக் கடந்தான். தரை ஈரம். காலுக்கடியில் ஈரச் சிமெண்டின் வாசனை.

உள்ளறை வாசலில் நின்றான்.

நாடாக் கட்டிலின் நடுவில் அவள் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முகம் சுவர்ப் பக்கம். கன்னத்தில் காய்ந்த கண்ணீர். மூச்சு சீராக இருந்தது.

கட்டிலின் கால் கிறீச்சிட்டது.

அவளுக்குப் பின்னால், காலியாக இருந்த பாதியில், நாடா ஒன்று இழுபட்டது. பிறகு அடுத்தது. மெல்ல. யாரோ தூக்கம் கலைக்காமல் உட்கார்வதுபோல. குழி ஆழமானது. பின் நீண்டது. இடுப்பு. முதுகு. தலையணையில் ஒரு பள்ளம்.

அவன் கூப்பிட்டான். குரல் வரவில்லை. காலைத் தூக்கினான். கால் வரவில்லை.

அவள் அசைந்தாள். கண் திறக்கவில்லை.

"வந்துட்டீங்களா," என்றாள், பல நாள் பேசாத குரலில், தூக்கம் கலந்து, கோபமெல்லாம் தீர்ந்து. சுவரோடு ஒட்டி நகர்ந்து இடம் விட்டாள். பின்பு புரண்டு, கையை நீட்டி, அந்தப் பள்ளத்தின் மேல் போட்டாள்.

கை கட்டிலில் விழவில்லை. ஒரு மார்பின் உயரத்தில், வெறும் காற்றில், தங்கியது.

அங்கேயே இருந்து, மெல்ல, மெல்ல, ஏறி இறங்கத் தொடங்கியது.